குமிழ் நேரம்

விருதம்பட்டில் மாடி வீடு.
கீழே இருக்கும் முனிரத்தினம் கேட்டார்,
என்னம்மா ராத்திரியில் கொதிக்கிற சத்தம்?
மாடியில் கடலை வைத்திருக்கிறேன் என்றேன்.
வறுக்கிறீங்களா, அவிக்கிறீங்களா என்றார்.

அவிகிறதுதான், உண்மையில்.
மே மாத வேலூரில்
நூற்றிருபது லிட்டர் கடல்
இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டுமென்றால்
குளிர்பான பாட்டிலில் நீரை உறையவைத்து
மூன்று மணிக்கொருமுறை மிதக்கவிட வேண்டும்.
பகலில் அதைச் செய்பவர் தயாபரன்.
எனக்குப் பகலில் வேறு பம்பு.

பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப்புறம், ஆஸ்பத்திரியில்,
திறந்த மார்புக்குப் பக்கத்தில் என் முக்காலி.
இதயத்தை நிறுத்திவிடுவார்கள்.
அப்புறம் ஓடுவதெல்லாம் என் பக்கம்.
குழாய் நிறைய ரத்தம்
அதில் காற்று வரக்கூடாது.
கடுகளவு என்று சொல்லமாட்டேன்,
கடுகு பெரியது.
கிளாம்பின் முதுகால் குழாயைத் தட்டித் தட்டி
மடிப்பில் ஒளிந்த குமிழை மேலே விரட்டுவது
காலை ஏழு மணி வேலை.
பதினோரு வருடம்.
பஸ்ஸில் யாரோ சோடா குடித்தால்
என் விரல் முன்சீட்டுக் கம்பியில் தட்டுகிறது.

கொளத்தூர் கடைக்காரன் ஒரு மரக்கட்டை தந்தான்,
சுண்டுவிரல் பருமன்.
விளக்கு அணைச்சப்புறம் பம்பு வாய்க்குக் கீழ வைங்க மேடம்,
காத்தை அரைச்சு மாவா துப்பும்,
பவளத்து மேல உக்காந்த அழுக்கை
குமிழே தூக்கிட்டுப் போயிடும்.
சிலர் வேணாம்பாங்க, மீனுக்கு ஆகாதுன்னு.
நீங்க பாத்துக்குங்க.

வைத்தேன்.
அரிசி களைந்த நீர் ஆயிற்று தொட்டி.
பாறை போயிற்று, இறால் போயிற்று,
கோமாளி மீனின் ஆரஞ்சு மட்டும்
பனிக்குள் போகும் லாரி விளக்குபோல்.
என் வலக்கை என்னைக் கேட்காமல்
காற்றுக் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டது.
நெஞ்சு அடித்த அடியில் காது கேட்கவில்லை.
தயாபரன் ஐஸ் பாட்டிலோடு நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன்.
ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

டார்ச் ஒளியில்தான் தெரிந்தது
அவை போகும் விதம்.
ஏறக்கூடத் தெரியாத அளவு சிறியவை,
பொத்தான் பவளத்தின் இமையில் உட்கார்ந்து
சாம்பல் நிறத்தில் எதையோ கட்டிக்கொண்டு
இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து
அதன்பின் மெல்ல எழும்புகின்றன.
பவளம் சளி விட்டது, இருமுகிற மாதிரி.
நுரைக் கோப்பையில் காலையில்
டிகாஷன் நிறத்தில் அரை டம்ளர்.
வாசனை, பேரணாம்பட்டுத் தோல் மண்டிப் பக்கம்
போனவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம், புதன்,
குடியாத்தத்துப் பையன், ஏழு வயது.
நாற்பத்தோராவது நிமிடம் அலாரம்.
பம்பு தானாக நின்றது.
தமனிக் குழாயில், சென்சாருக்கு இந்தப்பக்கம்
வெள்ளையாய் ஒரு துளி.
கை செய்தது எல்லாவற்றையும்.
கிளாம்ப், திருப்பு, தட்டு, திற.
ஐம்பது நொடி ஆகியிருக்கும்,
டாக்டர் தலை நிமிரவேயில்லை, சரியா என்றார்,
சரி என்றேன்.
கண்ணாடி போட்டதுபோல் எனக்குத் தெரிந்தது
அந்தத் துளியின் வயிறு, அதன் விளிம்பு.
இதற்கு முன் எந்தக் குமிழையும்
இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

அன்று இரவு கட்டையை வைக்கவில்லை.
அடுத்த நாளும்.
சனிக்கிழமை பையன் இட்லி கேட்டானாம்,
வார்டிலிருந்து நிர்மலா போன் செய்தாள்,
சட்னி வேண்டாமாம், சர்க்கரைதான் வேண்டுமாம்.

முழங்கை வரை தண்ணீரில் விட்டு
பம்பைத் திறந்தேன்.
கை மயிரில் ஒவ்வொன்றாக
வந்து ஒட்டின.
தட்டிவிடவில்லை.
கரண்ட் போனது அப்போது.
தெருவே அமைதி, கீழே முனிரத்தினம் விசிறி தேடும் சத்தம்.
இருட்டில் அவை உடைவது
எண்ணெயில் கடைசிக் கடுகுகள் மாதிரி கேட்டது.

திங்கட்கிழமை கை கழுவும்போது
முழங்கை மடிப்பில் வெள்ளையாய் உப்பு.
இரண்டு முறை தேய்த்தேன்.