மூன்றுக்குக் கீழே

நாலு புள்ளி எட்டு என்றது பெட்டி.
மூன்றைத் தாண்டக் கூடாதாம்.
ராயக்கோட்டை மேம்பாலம் இறங்கியதும்
பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கிற ஆம்னிக்குள்ளிருந்து
நாகவேணி திரையை என் பக்கம் திருப்பினாள்,
பெயிலான தாளை டீச்சர் நீட்டுகிற மாதிரி,
முகத்தைப் பார்க்காமல்.

மாருதி எண்ணூறு. தொண்ணூற்றெட்டு மாடல்.
இன்னும் டிஎன் இருபத்தொன்பது, தருமபுரி நம்பர்.
கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு
ஆறு வருஷம் மூத்தது.
பிரித்தபோது இதனிடம் யாரும் சொல்லவில்லை.

"நூறு ரூபா சேத்துக் குடுங்கக்கா.
குழாயை அந்த ஸ்விஃப்ட்டுல சொருகிக்கறேன்,
போட்டோ மட்டும் உங்க நம்பர் பிளேட்டு.
எல்லாரும் அப்படித்தான்."
கெட்டவள் இல்லை.
காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறாள்,
மடியில் திறந்த டிபன் பாக்ஸில்
தயிர் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

நூறு ரூபாயை எடுத்தும் விட்டேன்.

எனக்கும் குழாய்தான் தொழில்.
ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நம்பர் அறை,
மூச்சுப் பரிசோதனை.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விடாதீங்க இன்னும் இன்னும்
என்று தினம் முப்பது பேரிடம் கத்தி
மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிவிடும்.
பர்கூர் பக்கம் கல் அறுக்கிறவர்கள் வருவார்கள்,
குளித்துவிட்டு, எண்ணெய் வைத்துச் சீவி,
இமையில் மட்டும் கிரானைட் மாவோடு.
அதில் திம்மராயன் என்று ஒருவர்.
வேலைக்குத் தகுதி என்று ஒரு தாள் வேண்டும்,
மேஸ்திரி கேட்கிறாராம்.
மூன்று தடவை ஊதினார்.
மூன்று தடவையும் கோடு
பாதி எழுந்து உட்கார்ந்துகொண்டது.
"நீயே ஒருக்கா ஊதிடம்மா" என்றார்.
வேடிக்கை என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.

நோட்டு மறுபடி கைப்பைக்குள் போனது.
"நாளைக்கு வரேன்" என்றேன்.
நாகவேணி தோளைக் குலுக்கிவிட்டு
சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

பழையபேட்டை இம்தியாஸ்
ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டினார்,
ஒரு மைல் பைபாஸ் கொட்டியது.
மூன்று பிளக்கும் கருகிய கிராம்பு.
கார்புரேட்டரைக் கழற்றி
பழைய டூத் பிரஷ்ஷால் பல் விளக்கிவிட்டார்.
அப்புறம் ஒரு திருகு.
கால் சுற்று உள்ளே. காதைச் சாய்த்துக் கேட்டார்.
இன்னும் அரைக்கால்.
"பெட்ரோலைக் குறைச்சிருக்கேன். பட்டினிதான்.
காவேரிப்பட்டணம் போய்த் திரும்புங்க,
சூடு ஆறாம பங்க்குக்குப் போகணும், ஆஃப் பண்ணாதீங்க.
பாஸாயிடும்.
ஆனா சிக்னல்ல நின்னு நின்னு போகும்.
சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க,
பழையபடி திருப்பி வச்சுடறேன்."

ஆனி மாதம். கூழ் ஃபேக்டரிகளைத் தாண்டும்போது
புளித்த தோதாபுரி வாடை காருக்குள் ஏறிக்கொண்டது.
எதிரில் கல் ஏற்றிய லாரி ஒன்று
கரேலென்று விட்டுவிட்டுப் போனது, கொஞ்ச நேரம் சாலையே இல்லை.
அதற்கு யார் திரை திருப்பினார்களோ.

நாகவேணி குழாயைச் சொருகினாள்.
மூன்று புள்ளி ஆறு.
மூன்று புள்ளி இரண்டு.
ஊது, விடாதே, இன்னும்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.
அங்கே எண் ஏறவேண்டும், இங்கே இறங்கவேண்டும்,
பழகிய வாய்க்கு அது தெரியவில்லை.

இரண்டு புள்ளி ஒன்பது.

"ஜஸ்ட் பாஸ்க்கா. ஆறு மாசம்" என்று
சூடு மாறாத தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

ரவுண்டானாவில் நின்றுவிட்டது வண்டி.
சாவியைத் திருப்பினேன், இருமியது.
இன்னொரு தடவை.
போன் அடித்தது. இம்தியாஸ்.
"பாஸாச்சா? எப்ப வரீங்க, திருப்பி வைக்க?"
பின்னால் ஓசூர் பஸ்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி
வைத்துவிட்டேன்.