தும்பு மெத்தை

மதிலுக்கு மேலால் வந்து விழுந்தது
செங்கல் துண்டில் சுற்றிய ஒரு கடதாசி.
“அண்ணை, எனக்கு இரவு டியூட்டி.
பகல் பதினொரு மணிக்குத்தான் கண் அயரும்.
அந்த நேரம் பார்த்து அறுக்கிறீங்கள்.
ஜெகதாரணி, பெரியாஸ்பத்திரி.”
கோபமில்லாத கையெழுத்து.
மருந்துத் துண்டில் போல
நேரமும் அளவும் மட்டும்.

கோபம் எனக்குத்தான்.
கோயில் லவுட்ஸ்பீக்கர் மேல் இல்லாத வழக்கு,
கோண்டாவில் ஸ்டேசனில் ஹோர்ன் அடிக்கிற
ரயில் மேல் இல்லாத வழக்கு,
சனி ஞாயிறில் நாலு பலகை சீவுகிறவன் மேலோ?
ஒரு வேப்பம் பலகையை
வேண்டுமென்றே இரண்டு தரம் பிளேனருக்குள் விட்டேன்.

பிறகு, போனில் அளந்து பார்த்தேன்.
வட்டவாள் நூற்றிமூன்று.
பிளேனர் தொண்ணூற்றியெட்டு.
தூசி இழுக்கிற பழைய வாக்குவம்,
ஒரு வேலையும் செய்யாமல் நின்று கத்துவது, தொண்ணூறு.
கொய்யாவடியில், அவளுடைய யன்னலுக்கு நேரே,
எழுபத்தொன்பது.
அதற்குப் பிறகு எனக்கு வாயில்லை.

முதலில் கூரை.
சத்தத்தைக் கடனாய் வாங்கி
வட்டியோடு ஒழுங்கைக்குத் திருப்பிக் கொடுக்கிற தகரம்.
பழைய தும்பு மெத்தைகளைக் கிழித்து
அதன் கீழே கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன்.
“எங்கடை கலியாண மெத்தையுமோ?” என்றாள் கோசலை.
“அதுதான் நல்ல தடிப்பு” என்றேன்.
இரண்டு நாள் தேத்தண்ணி வரவில்லை.

மெசின் கால்களுக்கு
டிப்போவில் கேட்டு வாங்கிய பஸ் ரயர்.
கதவு இடுக்குக்குச் சைக்கிள் ரியூப்.
இருபத்திநாலு பல் வாளைக் கழற்றி
அறுபது பல் போட்டேன்;
மெதுவாய்த் தின்றது, வாயை மூடித் தின்றது.
பிளேனரில் மூன்று வருடமாய் அலறியது
மரமல்ல, ஒரு பேரிங்.
அதை மாற்ற எண்ணூறு ரூபாய்.

முட்டைத் தட்டு ஒட்டினால் சரி என்றார்கள்.
அறுபது தட்டு ஒட்டினேன்.
ஒரு புள்ளி இறங்கவில்லை.
பல்லிகளுக்கு வீடு கிடைத்ததுதான் மிச்சம்.

வாக்குவத்துக்கு ஒரு பெட்டி,
இரட்டைப் பலகைக்கு நடுவில் மணல் நிரப்பி.
மூச்சு முட்டினால் மோட்டர் எரியும்,
காற்றுக்கு வழி வேண்டும்;
நேர்வழி விட்டால் அதே வழியால் சத்தமும் வரும்.
ஆகவே வளைத்து வளைத்து ஒரு பாதை.
காற்று வளைந்து போனது.
சத்தம் மூன்றாவது வளைவில் களைத்துப்போனது.

ஐப்பசி மழை பிடித்த கிழமை
கொய்யாவடியில் குடையோடு நின்று அளந்தேன்.
மழையோடு சரியாக வராது என்று
விட்ட பிறகு திரும்பவும் அளந்தேன்.
ஐம்பத்தொன்று.

அடுத்த திங்கள் இன்னொரு செங்கல்.
“நேற்று வேலை செய்யேல்லையோ? சுகமில்லையோ?”
நேற்றுத்தான்
ஒரு முழு அலுமாரிக்குப் பலகை அறுத்திருந்தேன்.
அன்றிரவு இரண்டு கோப்பை தேத்தண்ணி.

அதற்குப் பிறகுதான் அது.
எல்லாம் நிறுத்தி, துடைத்து, கதவைச் சாத்தப் போகையில்
மெல்லிசாய் ஒரு இரைச்சல்.
வாக்குவம்? நின்றிருந்தது.
ரியூப் லைட்டின் சோக்? அணைத்தேன்.
பிளக் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
கடைசியில் மெயினையே இறக்கினேன்,
வீடு முழுக்க இருண்டது.
கோசலை டோர்ச்சோடு வந்தாள்.
“என்ன தேடுறீங்கள்?”
“ஒரு மெசின் நிக்குதில்லை.”
தலையைச் சரித்துக் கேட்டாள், நல்ல நேரம்.
“எனக்கொண்டும் கேக்கேல்லை.”

இடது காதைப் பெருவிரலால் அடைத்தேன்.
குறையவில்லை. கிட்ட வந்தது.

மரமில்லாமல் ஓடுகிற ஒரு பிளேனர்.
எத்தனை வருடமோ
பெரிய சத்தங்களின் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.
அதற்குக் கட்ட
என்னிடம் மெத்தை இல்லை.

விடிய, அவள் வருகிற நேரத்துக்கு முன்,
அதே செங்கலில் சுற்றி எறிந்தேன்:
“தங்கச்சி, காதுக் கிளினிக் எந்த நாள்?”

எட்டு மணிக்குத் திரும்பி வந்து விழுந்தது.
“வியாழன். ஆறரைக்கே வந்து நம்பர் எடுங்கோ.
இடதோ, வலதோ?”