ம்

ஆட்சேபம் தெரிவிக்க ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணியடிப்பது என் வேலை.
குறிப்பெழுதுவதும் நான்தான்.
மாநகர் மன்றத்தின் ஒன்பதாம் மாடி,
குளிரூட்டி சரியாக என் பிடரிக்கு மேலே.
படிவத்தில் நான்கு கட்டம்:
பெயர், முகவரி, காரணம், சுருக்கம்.
கதைக்கென்று கட்டம் கிடையாது.

செரி தெராத்தாய் அடுக்குமாடிக்குப் பின்னால்
ஒரு பழைய ஈயக்குட்டை.
அதை மூடி மேலே நாற்பத்திரண்டு மாடி எழுப்பத் திட்டம்.
ஆலோசகர் அறிக்கை முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
குட்டைக்கு அதில் ஒரே வரி:
பயன்பாடற்ற நீர்நிலை.

முதலில் எழுந்தவள் துர்காஷினி,
ஐந்தாம் படிவம், காலணி ஓரத்தில் காய்ந்த சேறு.
முகமன் எதுவுமில்லை. மலாயில் ஆரம்பித்தாள்.
"அன்று மூன்றரைக்கு மழை பிடித்தது.
சி புளோக்கில் லிஃப்ட் நின்றது.
சலவைக்கடை கோமளா
துணியைப் பாதியில் விட்டு வாசலுக்கு வந்தபோது
சாக்கடை பின்னோக்கி ஓடியது, அப்போது"
மணியடித்தேன்.

அடுத்து ஹஃபீஸா.
வேறு காரணம் வருமென்று புது வரி தொடங்கினேன்.
"அப்போது குட்டைப் பக்கம் ஒரு சத்தம்,
யாரோ பெரிய கிண்ணத்தில் சூப் உறிஞ்சுகிற மாதிரி"
என்று ஆரம்பித்தாள்.

மூன்றாவது ஆள் சியூ லிங் வந்தபோதுதான் பிடிபட்டது.
பதினான்கு பேரும் ஒரே கதையைத்
துண்டு போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள்.
பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு.
மாடிக்கு ஒரு நிமிடம்.

ஆறு மாதம் வீடு வீடாக ஏறினார்களாம்.
கைப்பேசியை நீட்டி, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்
என்ற ஒரே கேள்வி.
தண்ணீர் நான்காம் படி வரை என்றார் காவலாளி,
ஆறு என்றார் ரொட்டிக் கடைக்காரர்.
இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.
போய்ப் பார்த்தால் கறை ஐந்தாம் படியில்.

தலைவர் ரொஸ்லி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.
மிதந்து போன சோபா ஒன்றில்
நீர்நாய் இரண்டு ஏறி உட்கார்ந்து
மீனைப் பங்கு போட்ட இடத்தில்
அதைக் கவிழ்த்து வைத்தார்.

ஒன்பதாவது, லோகேந்திரன். திக்குவாய்.
"கு கு குட்டை" என்று சொல்லி நின்றுவிட்டான்.
பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
தலைவர் சொன்னார்:
"ம்."

வீட்டில் கதை கேட்கிறவர்கள் கொட்டுவோமே, அதே ம்.
கொட்டாவிட்டால் கதை படுத்துவிடும்.
அவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது,
வாய் தானாகச் சொன்னது.
பையன் மேலே போனான்.
மூன்று நிமிடம் கடந்தது, என் விரல் மணிமேல் இருந்தது.
நான்கு நிமிடம் இருபது வினாடி.
இதை எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.

பதினான்காவது பெண் முடித்தது இப்படி:
"கீழ்வீடுகளின் நிலைப்படியைத் தொட்டுத் தண்ணீர் நின்றது.
மிச்சத்தைக் குட்டை குடித்திருந்தது.
அடுத்த மழைக்கு"
அப்படியே உட்கார்ந்தாள். மணிக்கு இன்னும் நேரமிருந்தது.
பதினைந்தாவது பெயர் பட்டியலில் இல்லை.
எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்,
இனி அவர் முறை என்பதுபோல.
நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து,
"ஐயா, இதில் ஆட்சேபம் எங்கே?" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு பக்கத்துக்குள் சுருக்கச் சொன்னார்கள்.
சுருக்கினால் மழை போகிறது, சோபா போகிறது.
பதினோரு பக்கம் அப்படியே தட்டினேன்.
கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி இல்லையென்று
கணினி சிவப்பில் கோடு போட்டது. இருக்கட்டும்.
தலைவர் பேச்சு என்ற இடத்தில்
ஒற்றை எழுத்து.

மறுநாள் கையெழுத்துக்கு வைத்தேன்.
அந்த எழுத்தில் விரலை வைத்து
"நான் இப்படியா சொன்னேன்?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பேனாவைத் திறந்தார், அடிக்கவில்லை,
கீழே கையெழுத்திட்டார்.

முடிவு அடுத்த மாதம்.
ஒன்பதாம் மாடி ஜன்னலில்
கெப்போங் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.
மணி மூன்று இருபத்தைந்து.