குழாயடி

எர்ணாவூர் தொட்டு மணலி வரை
நாற்பத்தொரு கம்பத்தில் சென்சார்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை,
பக்கத்துக் கம்பத்தைக் கேளாமல், தன்பாட்டுக்கு
ஒரு வரி பேசும்
என்று எழுதியிருந்தேன் சமன்பாட்டில்.
லாரிப் புழுதியும் உப்புக்காற்றும்
அதன்படியே நடந்தன எட்டு மாதம்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, இரண்டேகால் மணி.
அம்மோனியா.
நாற்பத்தொன்றும் ஒரே நொடியில் வாய்திறந்து
ஒன்றன் சொல்லை ஒன்று மிதிக்க,
குழாயடிச் சண்டையில்
எந்தக் குடம் யாருடையது?
என் திரைக்கு எதுவும் வரவில்லை. பச்சை.

பேட்டரி மாற்றும் கலிமுல்லா கூப்பிட்டார்:
“மேடம், கண்ணு எரியுது. கிராஃப் இன்னா சொல்லுது?”
நடுவில் இருமல்.
அன்று முழுசாய் வந்துசேர்ந்த பாக்கெட் அது ஒன்றுதான்.

இப்போது மௌனத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன்.
கம்பங்கள் வாயடைத்தால் மணி அடிக்கும்.
பொய்யாகவும் அடிக்கிறது.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து
மூக்கை நீட்டுகிறேன்.