பட்டாணி சூப்பின் விலை

ரொஹுகூலா துறைமுகத்தில்
காற்று கப்பலைக் கட்டிப்போட்ட இரவு.
ஹீயுமா தீவுக்குப் போகவேண்டிய பதினோரு பேர்
ஈரக் கோட்டுகளோடு என் உணவகத்தில்.
அட்டை தேய்க்கும் இயந்திரம் மாலையிலேயே செத்துவிட்டது.
சில்லறை யாரிடமும் இல்லை.
சூப்போ ஓர் அண்டா நிறைய.

சரி, காசு வேண்டாம் என்றேன்.
மறக்கவே முடியாத நல்ல நேரம் ஒன்றைச் சொல்லுங்கள்,
ஒரு கிண்ணம் தருகிறேன்.
விளையாட்டாகத்தான் சொன்னேன்.
கல்யாணம், தலைப்பிள்ளை,
நாடே கைகோத்து நின்ற அந்த ஆகஸ்ட்,
இவைதான் வரும் என்று
கரண்டியைத் தயாராய்ப் பிடித்திருந்தேன்.

மாய்மு முதலில் வந்தாள்.
"தார்த்து மருத்துவமனையில்
கட்டியில் ஒன்றுமில்லை, வெறும் கொழுப்பு என்றார்கள்.
வெளியே வந்து ஒரு கிலோ செர்ரி வாங்கி
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
அத்தனையும் தின்றேன்.
கொட்டைகளைச் சாலையில் துப்பினேன்.
யார்? நான்!
நாற்பது வருடம் நூலகத்தில்
'உஸ்' சொல்லியே வாய் குவிந்துபோனவள்."

ஊனோ இயற்பியல் வாத்தியார்.
அறுபத்தொரு வயதில்
தண்ணீர் தன்னைத் தாங்கியதைச் சொன்னார்.
மல்லாந்து கிடந்தாராம், காதுக்குள் ஏரி.
"ஆர்க்கிமிடீஸை முப்பது வருடம்
நம்பாமலே நடத்தியிருக்கிறேன்."

தார்வோவுக்கு இரண்டு கிண்ணம் தரவேண்டியதாயிற்று.
கடல் உறைந்த வருடங்களில்
பனிமேல் சாலை திறப்பார்கள்.
இருக்கைப் பட்டி போடக்கூடாது,
வழியில் நிறுத்தக்கூடாது.
அன்று பாதிக் கடலில்
அவனுடைய வேன் தானாகவே நின்றுவிட்டது.
விளக்கையும் அணைத்தானாம், ஏனென்று தெரியாமல்.
கீழே ஏதோ நீளமாய் முனகியது.
பனிதான்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும்
சோம்பல் முறித்தது.
பயந்தாயா என்று மாய்மு கேட்டாள்.
"பயமும் சந்தோஷமும் ஒரே சட்டைப்பையில் கிடந்தன.
கைவிட்டுப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை."

எட்டு வயது ஓட்
"இதுதான்" என்றான்.
எது?
"இப்ப. மணி பன்னிரண்டு.
யாரும் என்னைத் தூங்கச் சொல்லலை."

ஜன்னலோரத்து மனிதர் மட்டும்
அப்படி எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று
ஐந்து யூரோ நோட்டை மேசைமேல் வைத்தார்.
அந்த அறையில் இருந்த ஒரே நோட்டு அது.
மீதி கொடுக்க என்னிடமும் வழியில்லை.

இரண்டு மணி இருக்கும்.
கழுவிய கிண்ணத்தைக் கொண்டுவந்து
என் எதிரில் நின்றார்.
"ஹாப்சாலுவில் ஓர் இரும்புக்கடை.
தாழ்ப்பாள் வாங்கப் போனோம்.
எனக்கு அந்த வார்த்தை மறந்துவிட்டது,
கையால் போட்டுப் போட்டுக் காட்டினேன்.
ஹில்யா சிரிக்க ஆரம்பித்தாள்.
அடுக்கியிருந்த வாளிகளைப் பிடித்தாள், அவை சரிந்தன,
தரையில் உட்கார்ந்துவிட்டாள்,
கடைக்காரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தாள்.
வேறு சிரிப்புகள் வந்தன. அது வரவில்லை."

தாழ்ப்பாள்?

"மறந்தே போயிற்று.
இன்றைக்கும் அந்தக் கதவுக்குக் கயிறுதான்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.
சூப் நன்றாக இருந்தது, அதற்கு இருக்கட்டும் என்றார்.

உன்னுடையது எது ஹெல்வே என்று
ஊனோதான் கேட்டார்.
அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தத்தில்
காதில் விழாததுபோல் இருந்துகொண்டேன்.
ஐம்பத்துநான்கு வருடத்தைத் துழாவினால்
கையில் வருவதெல்லாம்
யாருக்கோ பரிமாறியதாகவே இருந்தது.

நாலு மணிக்குக் காற்று விட்டது.
கப்பல் ஒருமுறை ஊதியது.
பதினோரு பேருக்கும் கேட்டது.
ஒருவரும் எழவில்லை.
கோட்டுகளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.
தார்வோ ரொட்டித் துணுக்கை
விரலால் ஒற்றி எடுத்தான்.
ஜன்னலில் கடல், கருப்பாய், சும்மா.
ஒரு நிமிடம் இருக்குமா,
போகவேண்டியவர்கள் போகாமல் இருந்த அந்த நேரம்?

அதை ஊனோவிடம் சொல்லலாம் என்று
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.
அதற்குள் ஓட்டின் காலணியில் ஒன்றைக் காணவில்லை.
எல்லோரும் மேசைக்கடியில் குனிந்திருந்தார்கள்.
நானும் குனிந்தேன்.