கருப்பனுக்கு ஒரு குவார்ட்டர்

இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்
சித்தப்பா போன் பண்ணினார்:
"இந்த வருசம் படையல் உன் முறை.
கிடாயை நாங்க பாத்துக்கிறோம்.
சுருட்டும் சரக்கும் நீ வாங்கிட்டு வந்துரு."

மாட்டுத்தாவணியில் புரோட்டா மாஸ்டர் நான்.
மாவு உருண்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே
சரி என்றேன்.
கருப்பனுக்கு இல்லை என்று சொல்ல
எங்கள் பங்காளிகளில் எவனுக்கும் நாக்கு கிடையாது.

வியாழக்கிழமை ராத்திரி
அரசரடிப் பக்கம் மாதாகோயில் பள்ளிக்கூடம்,
இரண்டாம் வகுப்பு, பி பிரிவு.
குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க
பதினோரு பேர் உட்கார்ந்திருப்போம்.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
யாரோ பாதியில் விட்டுப்போனது.
அங்கே சொன்னேன்.
காஜா மைதீன் சிரித்தார்:
"எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லப்பா,
அல்லா முதல்லயே வேணாம்னு சொல்லிட்டான்.
அப்படியும் இங்கதான் உக்காந்திருக்கேன்."
ஜெசிந்தா டீச்சர் சிரிக்கவில்லை.
"பாட்டிலை யார் தூக்குவா?"
அது மட்டும் கேட்டார்.
வல்கனைசிங் மிக்கேல் கையைத் தூக்கினார்,
விடை தெரிந்த பையன் மாதிரி.

கடைக்குள் போனதும் அவர்தான்.
நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று
கரும்புச்சாறு மெஷினின் சலங்கையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மேலூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னல்.
அவர் மடியில், பேப்பரில் சுற்றியது.
பாம்பைப் பிடிப்பதுபோல்
கழுத்தைப் பிடித்திருந்தார்.
சட்டைப்பையில் ஜெபமாலை துருத்திக்கொண்டிருந்தது.
ஒத்தக்கடை தாண்டியதும்
"ஏதாவது பேசுடா" என்றார்.
எனக்குத் தெரிந்தது சால்னா.
பட்டை, சோம்பு, தேங்காய், கசகசா.
சிட்டம்பட்டி வரைக்கும்
சால்னா கொதித்தது.

கண்மாய்க்கரை.
புங்கமரத்தடியில் ஆளுயர அரிவாள்கள்.
மண்குதிரையின் பல்லுக்கு மட்டும்
புதுசாய் வெள்ளையடித்திருந்தார்கள்.
மிக்கேல் செருப்புக் குவியலோடு நின்றுவிட்டார்.
"உள்ள வாங்கண்ணே."
"இங்கேயிருந்தே தெரியுது."
அவர் கையிலிருந்து வாங்கிப்
படையலில் வைக்கப் பத்தடி.
பத்தடியை நடந்தேன்.
அதை வேறொரு நாள் சொல்கிறேன்.

உறுமி ஏறியது.
சித்தப்பா உடம்பில் கருப்பன் இறங்கினான்.
மூடியைப் பல்லால் திருகித் துப்பி
முதல் வாய் அவனுக்கு.
அப்புறம் பங்காளிகள் வரிசை,
உள்ளங்கைக்கு ஒரு சொட்டு, தீர்த்தம் மாதிரி.
மறுத்தால் சாமி குத்தம்.
அப்பா அந்தச் சொட்டில்தான் தொடங்கினார்.
நானும். பதினாலு வயசு. இதே மரம்.

வாசனை முதலில் வந்தது,
சாமி பின்னால் வந்தான்.
"கையை நீட்டுடா."

எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது.
வியாழக்கிழமை சொல்வதைச் சொன்னேன்:
"என் பேரு சேவுகன்.
நான் ஒரு குடிகாரன்.
இன்னைக்கு இதுவரைக்கும் குடிக்கல."

செருப்புக் குவியல் பக்கமிருந்து
"வணக்கம் சேவுகா"
என்றது ஒரு குரல்,
பழக்கதோஷத்தில்.

உறுமி ஒரு அடி தவறியது.
கருப்பன் என்னைப் பார்த்தான்.
சித்தப்பாவின் கண்ணா, சாமி கண்ணா,
இன்றுவரை தெரியவில்லை.
பாட்டிலைச் சரித்தான்.
என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி
மண் குடித்தது.
திருநீற்றை அள்ளி நெற்றியில் அறைந்தான்,
பாதி கண்ணுக்குள் விழுந்தது.
சாமி ஏத்துக்கிட்டான் என்றார்கள் சிலர்,
சாமி கைகழுவிட்டான் என்றார்கள் சிலர்.
எனக்குக் கண் எரிந்தது.

கடைசி பஸ் போய்விட்டது.
மேலூர் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை டீ.
மூன்றாவது டீயில்தான் கவனித்தேன்,
மிக்கேல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
அப்படியும் டீயில் ஆடை நடுங்கியது.
"உங்களுக்குப் பன்னிரண்டு வருசம் ஆச்சேண்ணே."
"ஒரு மணி நேரம் மடியில இருந்துச்சுடா."

தூங்குகிற பஸ்களைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்:
"அந்தச் சால்னாவுல
கசகசாவை எப்பப் போடணும்னு சொன்னே?"

முதலிலிருந்து
ஆரம்பித்தேன்.