ஐம்பதில் பதினேழு

பேட்டை தாண்டினதும்
மூன்றாவது சீட்டில் மேலப்பாளையத்துப் பையன் ஒருவன்
கைபேசிக்குள் விலை பேசிக்கொண்டு வருகிறான்.
"கொம்பையா கார்டு மக்கா. ஐம்பதுல பதினேழு.
சட்டை நம்பரும் பதினேழு, வெளங்குதா?
பன்னிரண்டாயிரத்துக்குக் கீழ பேசாத."

நான்தான் கொம்பையா.
கையில் டிக்கெட் மெஷின், தோளில் தோல்பை.
"சேரன்மாதேவி ஒண்ணு" என்று நூறு ரூபாயை நீட்டுகிறான்,
நிமிரவில்லை.

கண்ணாடி போன்ற உறைக்குள் என்னை வைத்திருக்கிறான்.
பல்லுக்கிடையில் நாக்கு,
எதிராளி மண்ணில் ஒரு கால்,
மூலையில் பொன் மையில் எண்.
ஒரே படம், ஒரே அட்டை, ஐம்பது அடித்தார்கள்.
ஒன்றாம் எண்ணுக்கு ஒரு மவுசு.
ஐம்பதாவதுக்கு, கடைசி என்பதால், ஒரு மவுசு.
சட்டையோடு ஒத்துப்போனால் சொன்னதுதான் விலை.
மிச்ச நாற்பத்தேழும் முந்நூறு ரூபாய்,
அடித்துக் கேட்டால் இருநூற்றைம்பது.

ஐந்து பிள்ளைகளில் நான் மூன்றாவது.
தலைச்சனுக்குப் புதுத்துணி, கடைக்குட்டிக்கு மடி.
அந்தக் கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பதினேழை நான் கேட்டு வாங்கவில்லை.
கேட்டது ஏழு.
அதை அரியானாக்காரன் எடுத்துக்கொண்டான்.
என் தோள் நுழைகிற சட்டை
மூட்டையில் அது ஒன்றுதான் மிச்சம்,
கம்புக்கூட்டில் தையல் விட்டிருந்தது.
அந்தப் பிரிந்த தையலுக்குத்தான்
இப்போது பன்னிரண்டாயிரம்.

முட்டி போய் ஊர் திரும்பின அன்று
மேனேஜர் கவரில் போட்டு ஒரு கார்டு தந்தார்.
பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன்.
ஐம்பதில் பதினாறு.
நடுக்கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால்
அமுக்கப்பட்டவனுக்குத் தெரியும்
பதினாறு என்றால் என்னவென்று.

வடிவுதான் சிரித்தாள்:
"பதினாறும் பெற்றுன்னுதான வாழ்த்துதாவ,
பதினேழும்னு எவனாவது சொல்லுதானா?"
கருமாதியும் பதினாறில்தான் என்று நான் சொல்லவில்லை.
ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறேன்,
முந்நூறு ரூபாய்க்கு.

காகிதக் கட்டு இருந்த காலத்தில்
கூட்டினால் ஒன்பது வருகிற சீட்டு வேண்டும் என்று
நகைக்கடைக்காரர் ஒருவர் சுத்தமல்லியில் ஏறி நிற்பார்.
தேடிக் கிழித்துக் கொடுப்பேன்.
அதற்கென்று ஒரு காசு கூடத் தந்ததில்லை.
இப்போது மெஷின் தானே எண் போடுகிறது.
ஏழு ஏழாக வரிசையாய் வந்தாலும்
சேரன்மாதேவிக்குப் பதினான்கு ரூபாய்தான்.
பெண்களுக்குப் பூஜ்ஜியம்,
அந்தப் பூஜ்ஜியத்துக்கும் உண்டு ஓர் எண்.

"கையெழுத்தா?" என்கிறான் பையன் கைபேசியில்.
"கையெழுத்து இருந்தா இருபதுக்கு மேல போகும்லா.
ஆளு எங்க இருக்கான்னே தெரியல.
துபாய் போயிட்டான்னு சொல்லுதாவ."

காதிடுக்கில் பேனா.
சொல்லியிருக்கலாம்.
முன்சீட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது,
கூடை வைத்த அம்மாளுக்கும் ஒரு கிழவருக்கும் சண்டை,
சுத்தமல்லி விலக்கில் இருபது பேர் ஏறினார்கள்.
சில்லறையும் இல்லை.
அவன் சீட்டின் முதுகில்
பாக்கி 86 என்று எழுதினேன்.
கீழே, எப்போதும் ஒரு கீறல்தான் போடுவேன்,
இன்று முழுப்பெயர்.

சேரன்மாதேவியில் கூட்டத்தோடு நகர்ந்து
படிக்கட்டில் நின்று சீட்டை நீட்டினான்.
கார்டு சட்டைப்பைக்குள், பித்தான் போட்டு, பத்திரமாக.
எண்பத்தாறை எண்ணிக் கொடுத்தேன்.
கொடுத்தபின் முதுகில் கோடு போடுவது எங்கள் வழக்கம்.
எண்ணை மட்டும் அடித்தேன்.
பெயரை விட்டுவிட்டு
சீட்டை அவன் கையிலேயே திணித்தேன்.

"இது எதுக்குண்ணே?" என்றான்.
விசில் ஊதினேன்.